லிஃப்ட் செய்த ராம் 2500: முன்பக்கத்தில் முதலில் எதை மாற்றுவது?

சான்_அன்டோனியோ_தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2006 டாட்ஜ் ராம் 2500. 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல், ஃபோர் வீல் டிரைவ். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் முன் காயில் ஸ்பிரிங்குக்கு மேல் இரண்டரை அங்குல ஸ்பேசர் வைத்து வண்டியைத் தூக்கி (லிஃப்ட்), 35 அங்குல டயர் மாட்டியிருக்கிறார். வீல் மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. முன்னால் மற்றதெல்லாம் கம்பெனி பாகங்கள்தான். பாதிக்கு மேல் வண்டியோடு பிறந்தவை என்று நினைக்கிறேன்.

55 மைல் வேகத்தில் பாலத்து இணைப்பில் ஏறினால் ஸ்டீரிங் கையை உதறித் தள்ளுகிறது. 30க்குக் கீழே வந்த பிறகுதான் அடங்குகிறது. சாதாரணமாக ஓடும்போதும் லேனுக்குள் வைத்திருக்க இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கடையில் இரட்டை ஸ்டீரிங் டேம்பர் போடச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில், ஸ்பேசரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆறு அங்குல முழு கிட் போட்டால் எல்லாம் புதிதாகிவிடும் என்கிறார்கள். கையில் இப்போதைக்கு 2,000 டாலர் இருக்கிறது. தினமும் வேலைக்குப் போகும் வண்டி, அவ்வப்போது டிரெய்லர் இழுக்கும். குளிர்காலத்தில் பிக் பெண்ட் பக்கம் ஓல்டு ஓர் ரோடு மாதிரி மண் சாலைகளில் ஓட்ட ஆசை. பாறை ஏறும் எண்ணமெல்லாம் இல்லை. எங்கே தொடங்குவது?

கிரீஸ்_கை:

தம்பி, இரண்டு கடைக்கும் இப்போது பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வது டெத் வாபிள். அந்த ஆண்டு ராமில் நான் நிறையப் பார்த்த நோய்.

டேம்பர் என்பது உதறலை அமுக்கும் சாமான். உதறலுக்குக் காரணம் எங்கோ ஒரு மூட்டில் இருக்கும் ஆட்டம். டேம்பரை இரண்டாக்கினால் கைக்குத் தெரிவது குறையும், மூட்டு உள்ளே தேய்ந்துகொண்டே போகும். பிறகு டேம்பர் தளரும் நாளில், முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும்.

முதலில் செலவில்லாத சோதனை. வண்டி தரையில், சக்கரத்தில் நிற்கட்டும், ஜாக்கி வேண்டாம். இன்ஜின் ஓடட்டும். வீட்டில் ஒருவரை உட்காரவைத்து ஸ்டீரிங்கைக் கடிகாரத்தில் பத்துக்கும் இரண்டுக்கும் இடையே வேகமாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது பேனார்டு ராடு (கடைகளில் ட்ராக் பார் என்ற பெயரில் விற்பார்கள்). டிரைவர் பக்கம் ஃபிரேமிலும், மறுபக்கம் ஆக்சிலிலும் மாட்டியிருக்கும். உங்கள் ஆண்டில் அதன் ஃபிரேம் முனை ரப்பர் புஷ் அல்ல, பால் ஜாயிண்ட். கனமான கம்மின்ஸ் இன்ஜினும் பெரிய டயரும் சேர்ந்து அந்தச் சின்ன பந்தைத் தின்றுவிடும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பதே இந்த ஒரு ராடுதான். கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆடினாலே அது போய்விட்டது என்று அர்த்தம்.

அப்புறம் டை ராடு எண்டு (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு), பிட்மேன் ஆர்ம் (ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து கம்பிகளைத் தள்ளும் கை), ஸ்டீரிங் பாக்ஸ் ஃபிரேமோடு சேரும் இடம். கடைசியாக ஜாக்கி போட்டு, டயருக்கு அடியில் கடப்பாரையை விட்டு மேலே நெம்பி சக்கரத்துப் பால் ஜாயிண்ட், ஹப் (சக்கரம் சுற்றும் பேரிங் தொகுதி) இரண்டையும் பாருங்கள்.

இன்னொன்று, வண்டியின் வின் எண்ணை (வண்டி அடையாள எண்) அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் போட்டுப் பாருங்கள். 2013 நவம்பரில் டை ராடு விவகாரத்தில் கிரைஸ்லர் சுமார் 12 லட்சம் ராம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2003 முதல் 2008 வரையிலான 2500, 3500 ஃபோர் வீல் வண்டிகள் அதில் வரும். அந்த வேலை நிலுவையில் இருந்தால் அதுதான் முதல் வேலை, அதற்குக் காசும் கிடையாது.

கோணமானி:

கிரீஸ்_கை அண்ணா சொன்னது தேய்மானம். நான் வடிவியல் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் லிஃப்ட் செய்த வண்டியில் எல்லா மூட்டும் புதிதாக இருந்தாலும் கோணம் தப்பினால் நேராக ஓடாது.

பேனார்டு ராடும் டிராக் லிங்க்கும் (பிட்மேன் ஆர்மிலிருந்து வலது நக்கிளுக்கு, அதாவது சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் இரும்புக்கு, போகும் நீளக் கம்பி) முன்னாலிருந்து பார்த்தால் ஏறத்தாழ இணையாக, ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். சக்கரம் மேடு ஏறும்போது ஆக்சில் ஒரு வில்லில் நகர்கிறது, டிராக் லிங்க்கின் முனையும் ஒரு வில்லில் நகர்கிறது. இரண்டு வில்லும் ஒத்துப்போனால் ஸ்டீரிங் அசையாது. ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் திருப்பாமலே சக்கரம் திரும்பும். இதுதான் பம்ப் ஸ்டீர்.

ஸ்பேசர் வைத்துத் தூக்கும்போது இரண்டும் சேர்ந்தே சரிவாகின்றன, அதனால் இணை கெடுவதில்லை. ஆனால் பேனார்டு ராடு சரியச் சரிய அதன் கிடை நீளம் குறையும், ஆக்சில் டிரைவர் பக்கம் இழுபடும். எடுத்துக்காட்டாக 34 அங்குல ராடு முதலில் 3 அங்குலம் சரிந்திருந்தது, லிஃப்டுக்குப் பிறகு 6 அங்குலம் சரிகிறது என்று வையுங்கள். பித்தாகரஸ் கணக்கில் ஆக்சில் 0.4 அங்குலம் நகர்ந்திருக்கும், அதாவது ஒரு சென்டிமீட்டர். உங்கள் வண்டியில் டிரைவர் பக்க டயர் மற்றதைவிட வெளியே நிற்கிறதா என்று பாருங்கள். நீளம் மாற்றக்கூடிய பேனார்டு ராடு தேவைப்படுவது இதற்காகத்தான்.

இறக்கிய பிட்மேன் ஆர்மைத் தனியாக விற்பவர்கள் இருக்கிறார்கள், அதை வாங்கிவிடாதீர்கள். டிராக் லிங்க்கின் கோணத்தை மட்டும் சரிசெய்துவிட்டுப் பேனார்டு ராடைச் சரிவாகவே விட்டால் இணை போய்விடும். ஆறு அங்குல கிட்டுகளில் பிட்மேன் ஆர்மோடு பேனார்டு ராடை இறக்கும் பிராக்கெட்டும் சேர்ந்து வருவது அதனால்தான். ஒன்று இரண்டும் இறங்க வேண்டும், இல்லை இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

மண்ரோடு:

நான் மாறுபடுகிறேன். துண்டு துண்டாக வாங்கினால் ஒவ்வொரு முறையும் லேபர், ஒவ்வொரு முறையும் அலைன்மெண்ட். கார்லி, துரென் போன்றவர்கள் இந்த ராமுக்கென்றே ஸ்பிரிங், ஷாக், பேனார்டு ராடு எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்து விற்கிறார்கள். கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்த்து மூன்று அங்குல செட்டாகவே போடுங்கள். ஸ்பேசர் வண்டிக்கு எதைப் பூசினாலும் ஸ்பேசர் வண்டிதான். ஓல்டு ஓர் ரோட்டின் வரிவரி மேடுகளில் ஒரு மணி நேரம் ஓட்டினால் உங்களுக்கே புரியும்.

கிரீஸ்_கை:

மண்ரோடு சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஸ்பேசர் ஸ்பிரிங்கின் குணத்தை மாற்றாது, ஸ்டாக் (கம்பெனி) ஷாக்கின் நீளத்தைத்தான் தின்னும். சக்கரம் கீழே இறங்கும்போது ஷாக் சீக்கிரமே முழு நீளத்துக்கு வந்து 'டக்' என்று அடிக்கும். நல்ல காயிலும் அதற்கேற்ற நீள ஷாக்கும் போட்டால் வண்டியே வேறு மாதிரி ஆகும்.

ஆனால் சஸ்பென்ஷன் செட்டில் ஸ்டீரிங் கம்பிகள் பெரும்பாலும் வராது, பெட்டியைப் பிரித்த பிறகுதான் பலருக்கு அது தெரிகிறது. தம்பியின் பிரச்சினை ஸ்டீரிங்கில் இருக்கிறது. உதறுகிற வண்டியில் புது ஷாக் போட்டு என்ன பயன்? பணம் சேரும்வரை அதே வண்டியில்தானே அவர் டிரெய்லர் இழுக்கப் போகிறார்?

2003 முதல் 2008 வரை இந்த வண்டிகளில் இருந்தது தலைகீழ் ஒய் அமைப்பு. டிராக் லிங்க் வலது நக்கிளுக்குப் போகும், இடது சக்கரத்தின் டை ராடு அந்த டிராக் லிங்க்கின் நடுவிலேயே வந்து ஒட்டும். சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போதெல்லாம் இரண்டுக்கும் இடையே உள்ள கோணம் மாறும், அதோடு டோவும் (இரண்டு சக்கரமும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். லிஃப்ட் செய்தால் இன்னும் கூடும். லேனுக்குள் அலைவதற்கு இது ஒரு காரணம். பிறகு கம்பெனியே இதைக் கைவிட்டு டி அமைப்புக்குப் போனது. அதில் டை ராடு ஒரு நக்கிளிலிருந்து இன்னொரு நக்கிளுக்கு நேராகப் போகும், கம்பியும் தடிமன். வண்டி எவ்வளவு குதித்தாலும் டோ அசையாது.

அந்தப் பிந்தைய கம்பெனி செட்டே உங்கள் வண்டியில் போல்ட் போட்டு மாட்டிவிடலாம், வெல்டிங் வேண்டாம். பிட்மேன் ஆர்மின் துளை உங்கள் ஆண்டுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் வாங்குமுன் பாகங்கள் கவுண்டரில் வின் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். டேம்பரின் இடமும் மாறும், அதற்கான பிராக்கெட்டையும் டேம்பரையும் சேர்த்தே வாங்குங்கள்.

பேனார்டு ராடு வாங்கும்போது, ஃபிரேம் முனையில் பால் ஜாயிண்ட் இல்லாமல் புஷ்ஷாக மாற்றித் தரும் பிராக்கெட்டோடு வருவதைப் பாருங்கள். சினர்ஜி, துரென், கார்லி மூவரிடமும் இந்த வகை உண்டு. பழைய பந்து முனையிலேயே நீளம் மாற்றும் ராடு மலிவாகக் கிடைக்கும். மலிவு என்று அதை எடுத்தால் கொஞ்ச காலத்தில் இதே கேள்வியோடு இங்கே வருவீர்கள்.

ஆல்பர்ட்டா_வாசி:

இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுகிறார்கள், அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். கேஸ்டர் (ஸ்டீரிங் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) சரிசெய்ய, கீழ் கண்ட்ரோல் ஆர்மின் (ஆக்சிலை ஃபிரேமோடு இணைக்கும் கம்பி) ஆக்சில் முனையில் இருக்கும் கேம் போல்டைத் திருப்ப வேண்டும். அது புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். புது கேம் போல்ட் செட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் உப்பு இல்லைதான், ஆனால் வண்டி முதலில் எங்கே ஓடியது என்று கார்ஃபாக்ஸில் (வண்டியின் பழைய வரலாற்றைத் தரும் தளம்) பாருங்கள். ஒகையோவிலிருந்து வந்த வண்டிகள் நிறைய அங்கே சுற்றுகின்றன.

என்னுடையது ஃபோர்டு எஃப்-250. 2005க்குப் பிறகு முன்னால் காயிலும் ரேடியஸ் ஆர்மும் (பக்கத்துக்கு ஒரே நீள ஆர்ம்). ராமும் 2013, 2014 வாக்கில் ரேடியஸ் ஆர்முக்கு வந்துவிட்டது. ஆகவே புது ராம் வைத்திருப்பவர்கள் இணையத்தில் எழுதும் பரிந்துரையைப் பார்த்து ஏமாறாதீர்கள். உங்களுடையது நான்கு ஆர்ம் அமைப்பு, கிட் ஒன்றுக்கொன்று மாறாது.

வி_கிராஸ்_கோவை:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் ஊரில் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் வைத்திருக்கிறேன். இரண்டு அங்குலம் தூக்கலாம் என்று யோசனை. நானும் பேனார்டு ராடு பார்க்க வேண்டுமா?

கோணமானி:

வேண்டாம் சார். உங்கள் வண்டியில் முன்னால் ஆக்சில் பீமே கிடையாது. டபுள் விஷ்போன், ரேக் அண்ட் பினியன் ஸ்டீரிங். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. தூக்கினால் மேல் கண்ட்ரோல் ஆர்மின் பால் ஜாயிண்ட் அதன் எல்லைக்குப் பக்கத்தில் போகும், கேஸ்டர் குறையும், டிரைவ் ஷாஃப்டின் சிவி ஜாயிண்ட் கோணம் ஏறி பூட் (ரப்பர் உறை) சீக்கிரம் கிழியும். இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் திருத்திய மேல் ஆர்ம் வாங்குவது நல்லது. ஸ்ட்ரட்டின் மேல் ஸ்பேசர் மட்டும் வைத்துத் தூக்குவதைத் தவிருங்கள்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எஃப்.சி.க்கும் இன்சூரன்ஸ் கிளெய்முக்கும் போகும்போது தலைவலி வரலாம். தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

மண்ரோடு:

டி அமைப்பு விஷயத்தில் கிரீஸ்_கை சொன்னதை ஏற்கிறேன். ஆனால் யாரும் வீலைப் பற்றிப் பேசவில்லையே? தம்பி 'துருத்திக்கொண்டு நிற்கிறது' என்று எழுதியிருக்கிறார். என் கணிப்பில் பாதிப் பிரச்சினை அங்கேதான்.

கிரீஸ்_கை:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். நெகட்டிவ் ஆஃப்செட் (வெளியே தள்ளிநிற்கும்) வீல் போட்டால் டயரின் நடு, ஸ்டீரிங் திரும்பும் அச்சிலிருந்து வெளியே தள்ளிப்போகிறது. நீண்ட பிடியுள்ள ஸ்பேனர் போலத்தான், ரோட்டின் ஒவ்வொரு அடியும் அந்த நீளத்தால் பெருகி நக்கிளைத் திருப்பும். பால் ஜாயிண்ட், ஹப் பேரிங், டை ராடு எண்டு எல்லாம் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். இந்த ராமில் ஹப் யூனிட்டாகவே மாற்ற வேண்டியது, கிரீஸ் வைத்துக் காப்பாற்ற முடியாது.

35 டயரே வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாக் அளவுக்குப் பக்கத்தில் உள்ள ஆஃப்செட்டில், குறைந்த அகல டயர் போடுங்கள். 12.50 அங்குல அகலம் படத்துக்கு அழகு, ஸ்டீரிங் பாக்ஸுக்குச் சுமை.

கோணமானி:

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 அங்குல டயரின் சுற்றளவு சுமார் 2.8 மீட்டர். 55 மைல் என்றால் நொடிக்கு 24.6 மீட்டர். ஆக, சக்கரம் நொடிக்கு ஒன்பது சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுகிறது. சக்கரம் இட வலமாகத் துடிக்கும் இயல்பான வேகத்துக்கு இது பக்கத்தில் வரும்போது, டயரில் சின்ன பேலன்ஸ் குறை இருந்தாலும் போதும், பால இணைப்பு உதறலைத் தொடங்கிவைத்துவிடும். டயர் கனமாக ஆக அந்த வேகம் கீழே இறங்கும். ஸ்டாக் டயரில் தெரியாமல் இருந்த ஆட்டம் 35இல் தெரிவதற்கு இதுவும் காரணம். எதையும் வாங்குமுன் டயரை பேலன்ஸ் செய்து, காற்றழுத்தத்தையும் பாருங்கள்.

சான்_அன்டோனியோ_தம்பி:

எல்லோருக்கும் நன்றி. மனைவியை ஸ்டீரிங்கில் உட்காரவைத்துச் சோதித்தேன். பேனார்டு ராடின் ஃபிரேம் முனை நன்றாகவே ஆடுகிறது, டார்ச் அடிக்காமலே தெரிகிறது. டிராக் லிங்க்கின் நடு மூட்டிலும் ஆட்டம். டிரைவர் பக்கக் கீழ் பால் ஜாயிண்ட் கடப்பாரை போட்டால் லேசாக அசைகிறது. டிரைவர் பக்க டயர் கோணமானி சொன்னபடியே வெளியே நிற்கிறது. ரீகால் வேலை முடிந்ததாக வின் தேடலில் காட்டுகிறது.

இப்போது திட்டம்: புஷ் வகை பேனார்டு ராடு, டி அமைப்பு ஸ்டீரிங், அலைன்மெண்ட். இதற்குப் பிறகு மிச்சமிருப்பதை பால் ஜாயிண்டுக்கா, ஸ்டீரிங் பாக்ஸுக்கா, நல்ல ஷாக்குக்கா போடுவது?

கிரீஸ்_கை:

பால் ஜாயிண்ட். கேள்வியே இல்லை. அசைகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள், ஒருமுறை நக்கிளைக் கழற்றிவிட்டால் லேபர் ஒன்றுதான். வாழ்நாள் முழுக்க வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் டைனாட்ராக் போல, பிரித்துப் பழுதுபார்க்கக்கூடியவை இருக்கின்றன, விலை அதிகம். இல்லையென்றால் கிரீஸ் நிப்பிள் உள்ள நல்ல சாதாரண ரகம் போதும்.

ஸ்டீரிங் பாக்ஸைக் கடைசியில் பாருங்கள். மூட்டுகளில் ஆட்டம் போனதும் 'பாக்ஸ் தளர்வு' என்று நினைத்ததில் பெரும்பகுதி மறைந்துவிடும். யாராவது பாக்ஸின் மேலிருக்கும் திருகை இறுக்கிச் சரிசெய்கிறேன் என்றால் விடாதீர்கள். அதிகம் இறுக்கினால் ஸ்டீரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது, உள்ளே பல்லும் தேயும். பாக்ஸிலிருந்து வெளியே வரும் செக்டர் ஷாஃப்டைத் தாங்கி ஃபிரேமோடு இணைக்கும் பிரேஸ் ஒன்று உண்டு. 35 டயரோடு ஓட்டுவதாக இருந்தால் சில நூறு டாலர் அதற்குச் செலவழிக்கலாம்.

ஷாக் அடுத்த சம்பளத்தில். பில்ஸ்டீன் 5100இல் உங்கள் லிஃப்ட் உயரத்துக்கான நீளத்தைப் பார்த்து எடுத்தால் மண் சாலைக்கு நியாயமான பொருள். காயில் வாங்கும் நாளில் ஸ்பேசரைக் கழற்றிவிடலாம். ஆறு அங்குலத்தை மறந்துவிடுங்கள். அந்த உயரத்தில் குட்டைக் கண்ட்ரோல் ஆர்ம்கள் செங்குத்தாகச் சாய்ந்து ஒவ்வொரு குழியையும் இருக்கைக்கு அனுப்பும், அதைச் சரிசெய்ய நீள ஆர்ம், அதற்கு பிராக்கெட் என்று செலவு முடியாது.

மண்ரோடு:

ஆறு அங்குல விஷயத்தில் முழுச் சம்மதம். டிரெய்லர் இழுப்பவருக்கு அது தேவையே இல்லை.

கோணமானி:

அலைன்மெண்ட் கடைக்குப் போகும்போது 'ஸ்பெக்கில் இருக்கிறது' என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள், அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். கேஸ்டர் இரண்டு பக்கமும் நாலரை, ஐந்து டிகிரி பக்கத்தில் இருந்தால் நன்று. டோ-இன் மிகச் சிறிதளவு. கேஸ்டரை இன்னும் ஏற்றினால் நேராக ஓடுமே என்று தோன்றும். ஆனால் கேஸ்டரை ஏற்றினால் ஆக்சில் சுழன்று முன் டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே போகும். உங்கள் ஆண்டு ராமில் முன் ஆக்சிலைத் துண்டிக்கும் அமைப்பு இல்லை, டூ வீல் டிரைவில் ஓடும்போதும் முன் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கோணம் கெட்டால் நெடுஞ்சாலையில் அதிர்வாகத் தெரியும்.

ஆல்பர்ட்டா_வாசி:

பேனார்டு ராடு மாட்டும்போது வண்டி தன் எடையில் சக்கரத்தில் நிற்கட்டும். தூக்கிவைத்து போல்ட்டை இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே உட்கார்ந்து சீக்கிரம் கிழியும். இரண்டு பக்கமும் ஃபிரேமிலிருந்து டயருக்கு உள்ள தூரத்தை அளந்து ராடின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். அது முடிந்த பிறகு டோ, அதற்கும் பிறகு டிராக் லிங்க்கின் ஸ்லீவைத் திருப்பி ஸ்டீரிங் வீலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இந்த வரிசையை மாற்றினால் எல்லாவற்றையும் இரண்டாம் முறை செய்ய வேண்டிவரும்.

சான்_அன்டோனியோ_தம்பி:

பேனார்டு ராடு, டி செட், நான்கு பால் ஜாயிண்ட், கேம் போல்ட் எல்லாம் ஆர்டர் போட்டாயிற்று. செக்டர் ஷாஃப்ட் பிரேஸ் பட்ஜெட்டுக்கு வெளியே போய்விட்டது, பிறகு பார்க்கிறேன். டி செட்டோடு வரும் ஒற்றை டேம்பரே போதுமா?

கிரீஸ்_கை:

தாராளமாகப் போதும். ஒன்று செய்து பாருங்கள்: வேலை முடிந்ததும் டேம்பரை மாட்டாமல் காலி ரோட்டில், குறைந்த வேகத்தில் தொடங்கி ஓட்டுங்கள். டேம்பர் இல்லாமலே வண்டி உதறாமல் போனால் வேலை சரியாக முடிந்தது, பிறகு மாட்டிக்கொள்ளலாம். உதறினால் இன்னும் ஒரு மூட்டு பாக்கி.

500 மைல் ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள், முக்கியமாகப் பேனார்டு ராடின் இரண்டு முனை. 2025 முதல் டெக்சாஸில் சொந்த வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையும் கிடையாது, வேறு யாரும் அடியில் எட்டிப் பார்க்கப் போவதில்லை. அப்படியே ஹெட்லைட்டையும் கொஞ்சம் கீழே இறக்கிவிடுங்கள், எதிரே வருபவர்கள் இப்போது உங்களைத் திட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.